முதல் நாள், ஆறு பேர்

2013 அக்டோபர் 1. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் திறந்த அன்றே லட்சக்கணக்கானோர் மொய்த்தார்கள். முதல் நாளில் பதிவை முழுதாக முடித்தவர்கள் ஆறே பேர்.

இந்தத் தோல்வி திடீர் விபத்து அல்ல. திறப்பதற்குச் சில நாள் முன்பு நடந்த சோதனையில், சில நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தாற்போல் செய்து பார்த்தபோதே தளம் படுத்துவிட்டது. 'லோட் டெஸ்ட்' என்பது இதுதான். மென்பொருளே போலிப் பயனர்களை உருவாக்கி அலைஅலையாக அனுப்பும். சர்வருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த பிறகும் தளத்தைத் திறந்தது, அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தே பந்திக்கு இலை போட்ட கதை!

தளத்தைச் சரிசெய்யப் பிறகு வந்த மீட்புக் குழுவுக்கு இன்னொரு அதிர்ச்சி. தளம் எப்படி ஓடுகிறது என்று ஒரே பார்வையில் காட்டும் டாஷ்போர்டே அங்கு இல்லை. கண்காணிப்புக் கருவியைப் பொருத்தியபின்தான் தாமதம் எங்கே என்பது புலப்பட்டது. அடிக்கடி கேட்கப்படும் தகவலுக்கும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் வரை போய்வந்துகொண்டிருந்தது தளம். அந்தத் தகவலை 'கேஷ்' என்னும் தற்காலிக நினைவகத்தில் வைத்ததும், பக்கம் திறக்க ஆன சுமார் 8 வினாடி 2 வினாடியாகச் சுருங்கியது.

நவம்பர் முடிவதற்குள் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்க வேண்டும் என்பது மீட்புக் குழுவுக்கு வைக்கப்பட்ட இலக்கு. டிசம்பர் 1 அன்று, அதை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.