மின் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல சர்வீஸ் சென்டரைப் பாருங்க!

இந்தியாவில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும் பகுதி நம் மாநிலத்தில்தான் தயாராகிறது. ஓசூரில் டி.வி.எஸ், ஏத்தர், போச்சம்பள்ளி அருகே ஓலா, ராணிப்பேட்டையில் ஆம்பியர். தெருவுக்கு நான்கு வண்டிகளாவது சத்தமில்லாமல் போய்வருகின்றன. வாங்கத் தூண்டும் கணக்கும் எளிமையானதுதான். சுமார் 100 கிலோமீட்டர் ஓட மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போதும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு லிட்டர் குடிக்கும்.

கணக்கு சரி. ஆனால், அது வண்டி ஓடும் நாள்களுக்கான கணக்கு. ஒரு சின்ன உதிரிபாகத்துக்காக வண்டி மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் நின்றால், இ.எம்.ஐ நிற்காது. பிள்ளையைப் பள்ளியில் விட ஆட்டோவுக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

இது கற்பனைக் கவலை அல்ல. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை, ஓலா எலெக்ட்ரிக் குறித்து மட்டும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 சதவிகிதம் தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் புகார்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை சர்வீஸ் தாமதம் பற்றியவை. மக்களின் பெரிய கோபம் வண்டி பழுதானதில் இல்லை. பழுதான வண்டி திரும்பி வராததில்தான்.

அவசரமாக வந்த வண்டிகள்

ஹோண்டா ஆக்டிவா 2001-ல் வந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக நம் ஊர்ப் பள்ளங்களிலும் மழைத் தண்ணீரிலும் ஓடி ஓடி, எங்கே உடையும், எங்கே துருப்பிடிக்கும் என்பதெல்லாம் தெரிந்து சரிசெய்யப்பட்ட வண்டி அது. மின் ஸ்கூட்டர்களுக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தர், முதல் வண்டியைக் கொடுக்க 2018 ஆனது. ஓலாவோ 2021 ஆகஸ்ட் 15-ல் வண்டியை அறிமுகம் செய்து, அதே டிசம்பரில் டெலிவரியைத் தொடங்கியது.

அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. புது மாடலின் முதல் சில மாதத் தயாரிப்புகளை வாங்குபவர்கள், தெரியாமலேயே அந்த வண்டியைச் சோதித்துப் பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்ததாகப் புகார்கள் எழுந்தபின், 2023 மார்ச்சில் அதை இலவசமாக மாற்றித் தருவதாக ஓலா அறிவிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சத்தமே பல குறைகளை மறைத்துவிடும். மின் வண்டியில் அந்தத் திரை கிடையாது. மட்கார்டு ஆடுவது, டிக்கி மூடி தடதடப்பது, பிரேக் கிறீச்சிடுவது எல்லாம் காதில் விழும். ஆகவே கேட்கும் ஒவ்வொரு சத்தமும் ஆபத்து அல்ல. ஆனால் ஹேண்டில்பார் ஆட்டம், முன்பக்கம் ‘டக் டக்’ சத்தம், பிரேக் பிடிப்பதில் மாற்றம் இவற்றை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

மெக்கானிக் அண்ணன் எங்கே?

பெட்ரோல் ஸ்கூட்டர் நின்றால் தெருமுனை மெக்கானிக் இருக்கிறார். பிளக்கைத் துடைப்பார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வார், அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். கம்பெனி சர்வீஸ் சரியில்லை என்றாலும் நமக்கு ஒரு மாற்று வழி இருந்தது.

மின் வண்டியில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர், பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட், டிஸ்ப்ளே எல்லாமே சாஃப்ட்வேரால் கோக்கப்பட்டவை. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே கம்பெனியின் கருவி வேண்டும். உதிரிபாகமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆக, நீங்கள் வாங்குவது வண்டியை மட்டுமல்ல, அந்தக் கம்பெனியோடு ஏழெட்டு வருட உறவையும்தான்.

அதனால் ஷோரூமுக்கு முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும். எத்தனை வண்டிகள் தூசி படிந்து நிற்கின்றன என்று பாருங்கள். காத்திருப்பவர்களிடம், “வண்டி விட்டு எத்தனை நாளாச்சுங்க?” என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை அங்கே கிடைக்கும். அந்த சென்டர் உங்கள் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் யோசியுங்கள்.

தீ பயம் தேவையா?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. சில நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற்றன. அதன்பின் ஏ.ஐ.எஸ் 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் தண்ணீர் புகாமை, செல்களின் தரம், சூடு பரவினால் எச்சரிக்கை போன்றவை இதில் அடங்கும்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: செகண்ட் ஹேண்ட் வாங்கினால், ஆர்.சி புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியே நல்லது. எந்த வண்டியானாலும் கம்பெனி சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வெளியே போகும் வழியை மறித்து வண்டியை நிறுத்தி, இரவு முழுக்க சார்ஜ் போடாதீர்கள்.

டெலிவரி அன்று கவனிக்க

விளம்பரத்தில் வரும் கிலோமீட்டர், சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஏத்தர் 450 எக்ஸ் வண்டியின் ஒரு பதிப்புக்குச் சான்றிதழில் 146 கி.மீ, சாலையில் 105 கி.மீ என்று கம்பெனியே சொன்னது. பொதுவாக விளம்பரக் கணக்கில் முப்பது சதவிகிதம் கழித்துப் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

மாலை, பூஜை எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். தயாரிப்பு மாதம் என்ன? இரண்டு பக்கமும் பேனல்களின் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா? சார்ஜிங் மூடி இறுக்கமாக மூடுகிறதா? சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் நிற்கிறதா? டெஸ்ட் டிரைவை வழவழப்பான சாலையில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் ஏற்றி, இரண்டு ஸ்பீடு பிரேக்கர், ஒரு மேடு ஏறி இறங்குங்கள்.

வாரன்டி தாளையும் படியுங்கள். 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பேட்டரிக்கு மட்டும்தான். சில கம்பெனிகளில் அதற்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். கன்ட்ரோலர், மோட்டார், சார்ஜர், டிஸ்ப்ளேவுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேட்டரியின் திறன் எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மாட்டிக்கொண்டால்?

சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு வாங்குங்கள். “சும்மா பார்த்துத் தர்றோம் சார்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சத்தத்தை வீடியோ எடுங்கள்; போனில் பேசியதை மெயிலிலும் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் மனு போடலாம். பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

மின் வண்டியே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு அது நல்ல லாபம். ஆனால் அந்த லாபம் கைக்கு வர, வண்டி ரோட்டில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் வாசலில் அல்ல.