யானை வைத்தியத்தில் கைப்பயிற்சி

மாடு நோயுற்றால் அதன் குறிகளை அறியாத விவசாயி இல்லை. தீவனம் எடாமை, அசைபோடாமை, மூக்கு உலர்ந்துபோதல், காது தொங்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டவுடனே பிராணியை வைத்தியரிடம் ஓட்டிச் செல்வது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. யானை விஷயம் அவ்வாறன்று. அதன் நோவு வெளிப்படும்போது வியாதி பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனை ஓட்டிச் செல்ல இயலாது. கட்டி வீழ்த்தவும் இயலாது. ஆகவே யானை வைத்தியம் என்பது ஏட்டில் படித்து முடிக்கும் வித்தையன்று. கையால் பழகிக் கற்க வேண்டிய தொழிலாகும்.

இதில் விவசாயிகளுக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். 2023-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 2,961 யானைகள் இருந்தன. நீலகிரி, கோயமுத்தூர், ஈரோடு, கிருஷ்ணகிரி, திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களில் காடும் கழனியும் ஒரே வரப்பால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வாழையும் கரும்பும் சோளமும் பயிரிடுவோர் ஓர் இரவில் ஒரு பருவத்துப் பாட்டை இழப்பதுண்டு. வயலோரத்தில் காயம்பட்டு நிற்கும் யானையை முதலில் காண்பவர் வைத்தியரல்லர், விவசாயியே. அவர் முதல் சில மணி நேரத்தில் செய்வதும் செய்யாது விடுவதும் அந்த யானையின் உயிரையும், சில சமயம் மனிதர் உயிரையும் தீர்மானிக்கின்றன.

சென்னையில் வளர்ந்த கல்வி

அடையாற்றை அடுத்த சைதாப்பேட்டையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே விவசாயப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அது 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. கால்நடை வைத்தியத்துக்கெனத் தனிக் கல்லூரி 1903-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி 20 மாணவர்களுடன் சென்னையில் தொடங்கிற்று. வேப்பேரியில் இன்றும் நடைபெற்றுவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அதுவே. 1936-ல் அது சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டது. 1989-ல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இப்போது விளங்குகிறது.

மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றின் வைத்தியத்தை நகரத்துச் சாலையிலேயே கற்பிக்கலாம். யானை வைத்தியத்துக்கு மாணவர் மலையேற வேண்டும். முதுமலையைச் சேர்ந்த தெப்பக்காடும், ஆனைமலையைச் சேர்ந்த கோழிகமுத்தியும் வனத்துறையின் யானை முகாம்கள். மரம் இழுக்கும் வேலைக்காக முற்காலத்தில் வளர்க்கப்பட்ட யானைகளின் வழிவந்தவையும், பிற்காலத்தில் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவையும் அங்கே உள்ளன. ஒவ்வொரு யானைக்கும் தனிப் பதிவேடு உண்டு. பல தலைமுறைகளைச் சேர்ந்த இப்பதிவேடுகளை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, பேராசிரியர் ராமன் சுகுமார் முதலியோர் ஆராய்ந்து, யானைகளின் பிறப்பு இறப்பு விகிதங்களைக் குறித்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒழுங்காக எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் வைத்தியத்துக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இது தக்க சான்று.

மாடும் யானையும்

மாட்டு வைத்தியம் அறிந்தவர் யானையிடம் வரும்போது முதலில் மறக்க வேண்டியவை சில உண்டு.

மாடு அசைபோடும் பிராணி, யானை அசைபோடாது. அதன் ஜீரணம் குதிரையைப் போலப் பெருங்குடலில் நடைபெறுகிறது. தின்றதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீனி வேண்டியிருப்பதும், லத்தியில் நார் நாராகத் தழை காணப்படுவதும் இதனாலேயே. குடல் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி உண்டாவது யானைக்குப் பெரிய ஆபத்து. எனவே வைத்தியர் காலையில் முதலில் நோக்குவது யானையையன்று, லத்தியைத்தான்.

மாட்டின் நாடி நிமிஷத்துக்கு 50 முதல் 70 வரை அடிக்கும். நின்றிருக்கும் யானையின் நாடி 25 முதல் 35 வரையே. மாடு நிமிஷத்துக்கு 15 தடவைக்கு மேல் மூச்சு விடும். யானைக்கு 4 முதல் 6 வரை போதும். மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செண்டிகிரேட். யானையினுடையது 36 முதல் 37 டிகிரி வரை. மாட்டுக்குச் சாதாரணமான வெப்பம் யானைக்குக் காய்ச்சலாகும். இதனை ஆசனவாயில் கருவி வைத்து அறிவது கடினமாகையால், புதிதாக விழுந்த லத்தி உருண்டையின் நடுவே கருவியைச் செருகி உடனே பார்த்துக் கொள்வது கையறிந்த முறையாகும்.

மருந்தின் அளவிலும் ஜாக்கிரதை வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு இவ்வளவு என்றால் 4,000 கிலோ யானைக்குப் பத்து மடங்கு என்று கணக்கிடலாகாது. பெரிய உடம்பில் உயிர்த்தொழில் மெதுவாக நடைபெறுவதால் பல மருந்துகள் எடைக்கு எடை குறைவாகவே வேண்டும். மயக்க மருந்தில் இக்கணக்குத் தவறினால் யானை எழாது.

அன்றியும் யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அது மார்பின்மீது குப்புறப் படுத்தவாறு நெடுநேரம் கிடந்தால் மூச்சு முட்டும். பள்ளத்தில் விழுந்த யானையும் மயக்கமுற்ற யானையும் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதே க்ஷேமம்.

கையால் கற்பவை

பயிற்சியின் முதல் ஆசான் பேராசிரியரல்லர், பாகனே. மலசர், குறும்பர் முதலிய மலைவாழ் குடியினர் இம்முகாம்களில் தலைமுறை தலைமுறையாகப் பாகர்களாகவும், அவர்களுக்குத் துணையான காவடிகளாகவும் இருந்து வருகின்றனர். யானையை எப்பக்கத்திலிருந்து அணுகுவது, எந்தச் சொல்லுக்குக் காலைத் தூக்கும், எந்தச் சொல்லுக்குப் படுக்கும், காது அசைவது நின்றால் அதன் கருத்து என்ன என்பவற்றை இளம் வைத்தியர் அவர்களிடமே கற்க வேண்டும். பாகன் இல்லாத வேளையில் யானைக்கு வைத்தியம் இல்லை.

அதன் பின்னர்க் கால். முன்னங்காலில் வழக்கமாக ஐந்து நகங்களும் பின்னங்காலில் நான்கும் இருக்கும். நகத்தில் வெடிப்பு, நக இடுக்கில் சீழ், உள்ளங்காலில் பொத்தல் ஆகியவை நாட்டு யானைகளுக்கு அதிகமாக வருபவை. தினந்தோறும் காலைக் கழுவி, கல்லும் ஆணியும் செருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மிகுதியாக வளர்ந்த நகத்தை அரத்தால் தேய்க்கும் பழக்கம் கைக்கு வர நாளாகும்.

அடுத்தது காதின் பின்புறத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தல். அதனைத் தொடர்ந்து புண்ணைச் சோதித்தல். யானைத் தோல் தடித்தது. வெளியே சிறு துவாரமே தெரியும். உள்ளே குடம் அளவு சீழ் இருக்கலாம். மேல்வாயைக் கழுவி மருந்து தடவினால் பயனில்லை. சீழ் தானாக வடியும்படி கட்டியின் அடிப்பாகத்தில் வழி செய்ய வேண்டும். எவ்விடத்தில் தொட்டால் மெத்தென்று அமிழ்கிறது என்பது படத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று.

க்ஷயரோகத்தைச் சோதிக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. மனிதரிடமிருந்து யானைக்கு இந்நோய் தொற்றக்கூடும். சுத்தமான உப்புநீரைத் துதிக்கையில் விட்டு, துதிக்கையை உயர்த்தச் செய்து, மீண்டும் பைக்குள் ஊதச் செய்து, அந்நீரைச் சோதனைக்கு அனுப்புவர். மூன்று வெவ்வேறு நாட்களில் இது செய்யப்படும். யானை பழக்கப்படாவிடில் ஒரு சொட்டும் கிடைக்காது.

கன்றுகளுக்கோ ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸ் கொடிய பகையாகும். நேற்று விளையாடிய கன்று இன்று சோர்ந்து, முகம் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, ஓரிரு நாளில் இறந்துவிடும். குறிகள் தோன்றும்வரை காத்திராமல் இடையிடையே ரத்தத்தைச் சோதித்து வருவதே காப்பாகும்.

ஒரு வைத்தியரும் ஒரு யானையும்

தமிழ்நாட்டு வனத்துறையில் யானை வைத்தியத்துக்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1929-ல் பிறந்து 2002-ல் காலமான இவரை மக்கள் யானை டாக்டர் என்றே அழைத்தனர். முகாம் யானைகளுக்குச் சிகிச்சை செய்ததோடு, காட்டில் இறந்து கிடந்த யானைகளின் உடலைத் துர்நாற்றத்தையும் புழுவையும் பொருட்படுத்தாது தாமே அறுத்துப் பார்த்து மரண காரணம் கண்டார். காரணம் தெரியாத மரணத்தைத் தடுக்க வழியில்லை அல்லவா?

1998-ல் கூடலூர்ப் பக்கத்தில் தந்தமில்லாத ஆண்யானை ஒன்று, அதாவது ஒரு மக்னா, பல மனித உயிர்களைப் பலிகொண்டு அலைந்தது. அதனைக் கொல்லாமல் மயக்க ஊசியால் அடக்கித் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவரும் பணியை டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மேற்பார்த்தார். கராலில் அடைத்துப் பார்த்தபோது அதன் உடம்பில் காயங்கள் பல இருந்தன. அவற்றுக்குப் பொறுமையாகச் சிகிச்சை செய்யப்பட்டது. ஆட்கொல்லி என்று பேர் வாங்கிய அந்த யானை நாளடைவில் சாதுவாயிற்று. வைத்தியரின் பெயரையொட்டி மூர்த்தி என்று பெயர் சூட்டப்பட்டது. கால் நூற்றாண்டு முகாமில் வாழ்ந்து 2023-ல் இறந்தது. காயம்பட்ட பிராணி மூர்க்கமாகும் என்பதை மாடு வளர்ப்பவர் அறிவர். யானையைச் சுட்டும் எரித்தும் விரட்டுவோர் தம் ஊருக்கே பகையைத் தேடிக்கொள்கின்றனர் என்பதை இதனால் உணரலாம்.

கோயில் யானை

சமவெளிக் கிராமங்களில் தர்மகர்த்தாக்களும் கிராம அதிகாரிகளும் கோயில் யானையைப் பற்றி அறிந்திருத்தல் நலம். சிமிட்டித் தரையில் இரவும் பகலும் நிறுத்துவது, நடை இல்லாமை, சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் அளவின்றிக் கொடுப்பது ஆகிய மூன்றும் கால் நோய்க்கும் ஊதலுக்கும் காரணம். பசுந்தழையும் புல்லுமே அதன் ஆகாரம். முகாம்களில் ராகி, கொள்ளு முதலியவற்றை வேகவைத்து, வெல்லமும் உப்பும் தாது உப்பும் கலந்து அளவோடு கொடுப்பர். எடை மேடையில் ஏற்றி எடையைக் குறித்து, அதற்கேற்பத் தீனியை மாற்றுவர். 2003-ல் தெப்பக்காட்டில் தொடங்கி, பின்னர்த் தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடைபெற்ற 48 நாள் நல்வாழ்வு முகாம்களில், கோயில் யானைகளுக்கு மண் தரையும் நடையும் ஆற்றுக் குளியலும் கிடைத்தன. அவற்றை ஊரிலேயே செய்து கொடுக்கத் தடை ஒன்றுமில்லை.

கிராமத்தார் கவனிக்க வேண்டியவை

1. காயம்பட்ட அல்லது படுத்துக் கிடக்கும் யானையைக் கண்டால் கூட்டம் கூடாமல் தடுத்து, வனச்சரகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லியனுப்ப வேண்டும். மேளம், வெடி, கல்வீச்சு கூடாது.

2. யானை எப்போது காணப்பட்டது, எந்தக் காலை ஊன்றவில்லை, தீனி எடுத்ததா, தண்ணீரண்டை நின்றதா என்பவற்றைக் குறித்துவைத்தல் வைத்தியருக்குப் பேருதவியாகும். வாயில் புண்ணுடன் தண்ணீரிலேயே நிற்கும் யானை அவுட்டுக்காயைக் கடித்ததாக இருக்கக்கூடும்.

3. அடிச்சுவட்டை அழிக்கலாகாது. வட்டமான முன்னங்கால் சுவட்டின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 52 அங்குலமானால் உயரம் 104 அங்குலம், அதாவது 8 அடி 8 அங்குலம். சேற்றில் பதிந்த சுவடு விரிந்து காட்டுமாகையால் கெட்டி நிலத்துச் சுவட்டையே அளக்க வேண்டும்.

4. இறந்த யானையின் அருகில் ஆடுமாடுகளை விடலாகாது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அவ்வுடலை ஒருவரும் தொடவோ அறுக்கவோ கூடாது. காட்டோரத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் மாடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போடுவது மாட்டுக்கும் யானைக்கும் காப்பு.

5. வேலியில் வீட்டு மின்சாரத்தை நேராகப் பாய்ச்சுவது யானையையும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அயலாரையும் கொல்லும். விட்டுவிட்டு அதிரும் சிறு அதிர்ச்சியை மட்டும் கொடுக்கும் சூரியசக்தி வேலியே தக்கது. இதனையும் 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தாழத் தொங்கும் மின்கம்பியைக் கிராம அதிகாரி உடனே மின்வாரியத்துக்கு எழுதித் திருத்தச் செய்ய வேண்டும்.

6. பயிர்ச் சேதம் நேர்ந்தால் தாமதியாமல் வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, பயிரின் பெயரும் பரப்பும் குறிக்கச் செய்து நிவாரணம் கோரலாம். சேதத்தை விரைவில் பார்வையிட்டுச் சான்று அளிப்பது அதிகாரியின் கடமை. நிவாரணம் காலத்தில் கிடைக்கும் ஊரில் வெடியும் விஷமும் குறையும்.

யானை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிராணி. அதன் கர்ப்பகாலம் 18 முதல் 22 மாதம். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே கன்று. இழந்த ஒரு யானையின் இடம் எளிதில் நிரம்பாது. அவ்வாறே தேர்ந்த யானை வைத்தியரும் ஓராண்டில் உண்டாகார். பல ஆண்டுக் கைப்பழக்கமே அவரை ஆக்குகிறது. அவ்வளவு பாடுபட்டுக் கற்ற கை தக்க சமயத்தில் நோயாளியிடம் சேர வேண்டுமானால், வரப்பில் நிற்கும் விவசாயியின் கண்ணும் கிராம அதிகாரியின் சுறுசுறுப்பும் முன்னதாக வேலை செய்ய வேண்டும். காட்டை அடுத்து வாழும் ஒவ்வொரு கிராமத்தாரும் இதனைத் தம் சாகுபடி வேலைகளுள் ஒன்றாகக் கருதுவாராக.