போகும் தண்ணீர் – 14: மூன்று நாள் போத்தல்

போன வாரம் செம்பனை ஆலையின் பின்பக்கக் குட்டைகளில் நின்றோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் மலச்சிக்கல் என்று சொல்லியிருந்தேன். வருகிறேன். ஆனால் ஒரு கணக்கு மூன்று நாளாக என்னை விடவில்லை. நாளைக் காலை கட்டுரை ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். இதை இறக்கி வைக்காமல் அடுத்த வரி ஓடாது.

மணிக்கு 60 டன் குலை எடுக்கும் ஆலை, நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர்க் குழாயில் மீட்டர் இல்லை. இருந்தாலும் மதிப்பிடலாம். குலையை நீராவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்து முடிக்கையில் டன்னுக்கு ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர் மிஞ்சும். 1,200 டன்னுக்கு 780 கன மீட்டர். இது பாதிக் கணக்கு. அந்தத் தண்ணீர் எவ்வளவு கெட்டது என்பது மீதிப் பாதி.

அதற்கு ஒரு போத்தல் போதும். கழிவுநீரில் சில சொட்டை நல்ல நீரில் கலந்து, காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் வைப்பார்கள். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னத் தின்ன, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துச் சொல்வதுதான் பிஓடி. சரி, எத்தனை நாள் வைப்பது? பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912-இல் ஐந்து நாள் என்றது. அந்நாட்டு ஆறுகளில் விழுந்தது கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பிறகு 20 பாகை வெப்பம், ஐந்து நாள் என்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. மலேசியா 1977-இல் செம்பனை ஆலைகளுக்கு விதி எழுதியபோது அப்படி எழுதவில்லை. 30 பாகை, மூன்று நாள் என்று எழுதியது. இந்தியாவும் பின்னால் 27 பாகை, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. சூட்டில் நுண்ணுயிர் வேகமாகத் தின்னும். குளிர்நாட்டில் ஐந்து நாளில் முடிகிற வேலை நம் கிந்தா ஆற்றின் சூட்டில் முன்னதாகவே முடிந்துவிடும். அளவுகோலே அந்தந்த மண்ணின் வெயிலைக் கேட்டு மாறியிருக்கிறது. இதை அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கை முடித்துவிடுகிறேன். சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிஓடி. அப்படியானால் 780 கன மீட்டரில் 19,500 கிலோ. மலேசியச் சாக்கடைக் கணக்கில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 225 லிட்டர், அதில் ஏறக்குறைய 56 கிராம் பிஓடி. வகுத்துப் பாருங்கள்: ஒரே ஆலை மூன்றரை லட்சம் பேருக்குச் சமம். ஈப்போவில் கிட்டத்தட்டப் பாதி ஊர்! 1978-இல் 5,000 மில்லிகிராம் வரை விட்ட சட்டம், படிப்படியாக இறங்கி 1984-இல் 100-க்கு வந்தது இதனால்தான்.

குட்டையில் அழுக்கு இப்படிக் குறைய நாள் வேண்டும். காற்றில்லாத ஆழத்தில் கழிவு வாரக்கணக்கில் கிடந்து மீத்தேனாகிறது. நம் பெருங்குடலும் காற்றில்லாத குட்டைதான். அங்கே மட்டும் நாள் கூடக்கூடக் கெடுதல். குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். சிலர் குடலிலும் மீத்தேன் உண்டாகிறது. அது குடலின் ஓட்டத்தை மந்தமாக்குகிறது. மலச்சிக்கல்காரர்களிடம் அது அதிகம் காணப்படுகிறது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். நாலரைக்கு எழுந்து, கருக்கலில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்பார். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடாததால் பட்டைக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மனிதக் குடலும் அப்படியே. தூக்கத்தில் அடங்கிக் கிடப்பது, விழித்ததும் அசையும். வயிற்றில் ஏதாவது விழுந்தால் இன்னும் அசையும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தோட்டம் எடுத்துக்கொண்டது. லயத்துக் கோடியில் இருந்த கழிவறையில் வரிசை நிற்க நேரமேது? வந்த உணர்ச்சியை அடக்கிக்கொண்டு நிரைக்குப் போவார். மத்தியானம் வீடு திரும்பும்போது அது போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். இப்படியே முப்பது வருடம்.

ஆகவே மருந்துக்கு முன் நேரம். எழுந்ததும் ஒரு குவளை தண்ணீர், கொஞ்சம் பசியாறல், பிறகு அவசரமில்லாத பத்து நிமிடம். உட்காரும் கழிவறையானால் காலடியில் சின்ன முக்காலி. முட்டி இடுப்புக்கு மேல் ஏறட்டும். வந்த உணர்ச்சியைத் தள்ளிப்போடாதீர்கள். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்: கீரை, பருப்பு, பப்பாளி, தோலோடு கொய்யா. தண்ணீரையும் கூட்டுங்கள். ரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ, இத்தனை காலம் இருந்த பழக்கம் திடீரென்று மாறினாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

 டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர், உகாண்டா கிராமத்தாரின் மலத்தையும் பிரிட்டிஷ் கடற்படையினரின் மலத்தையும் எடை போட்டுப் பார்த்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)