டி டிரைவில் வைத்தால் பாட்டு பத்திரமா?

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஆனா உள்ளே போக மாட்டேங்கு. ரிப்பேர் பண்ணுதேன், ரிப்பேர் பண்ணுதேன்னு சொல்லிக்கிட்டே சுத்துது." திருநெல்வேலியிலிருந்து அப்பா போன் செய்தார். 2024 டிசம்பரில் ஒரு புதன்கிழமை இரவு அது. நான் சென்னையில், ஆபீசில் இருந்தேன். அடுத்ததாக அவர் கேட்டார்: "பாட்டெல்லாம் டி டிரைவில்தான் இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த டி டிரைவில் சுமார் 38 ஜிபி பாட்டு இருந்தது. எம்.எஸ்.வி., இளையராஜா, காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் என்று அப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்தவை. இவை போனாலும் மறுபடி தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் அதற்குள் 'ஆச்சி' என்று ஒரு போல்டர், அதில் நான்கே நான்கு பைல்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சி 1988ல் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் அவை. இரண்டு சி-60 கேசட்டுகளில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்தது. 2009ல், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு ஒயர் போட்டு, ஆடசிட்டி என்னும் இலவச சாப்ட்வேர் மூலம் அப்பா அவற்றை எம்.பி.3 ஆக்கினார். ஒரு மணி நேர கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. கேசட்டுகள் பின்னர் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே ஆச்சி தவறிவிட்டார்கள். எனக்கு ஆச்சி என்றால் அந்த நான்கு பைல்கள்தான்.

நான் சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன். ஆபீஸ் சர்வருக்கு தினமும் இரவில் பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு நாளும் பேக்கப் எடுத்ததில்லை.

டி டிரைவ் என்பது என்ன?

டி டிரைவில் இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊறியது. அதற்குக் காரணமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வைரஸ் வந்தாலும், வேகம் குறைந்தாலும் உடனே சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் பதிவார்கள். டி டிரைவைத் தொட மாட்டார்கள். எனவே அங்கிருந்த படங்களும் பாட்டுகளும் தப்பித்தன. விண்டோஸ் கெட்டுப் போகும்போது இது உண்மைதான்.

ஆனால் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, ஈ எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்ட பிரிவுகளே. ஒரே வீட்டுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி மூன்று அறைகள் ஆக்குவது போல. உள்ளே சுழலும் தட்டுகளும் ஒன்றே, மோட்டாரும் ஒன்றே. டிஸ்க் போனால் எல்லா எழுத்தும் சேர்ந்துதான் போகும். உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி என்று அறிய, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். சி, டி இரண்டும் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் இருந்தால், இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் உள்ளன.

கிராஷ் ஆனவுடன்

அப்பாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஆஃப் பண்ணிருங்கப்பா, நான் வர்ற வரைக்கும் போடாதீங்க" என்பதுதான். பக்கத்துத் தெருக் கடையில், "காலையில கொண்டாங்க, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாரோம்" என்று சொல்லியிருந்தார்களாம். அதையும் வேண்டாம் என்றேன்.

காரணம் இதுதான். பூட் ஆகவில்லை என்பதால் பைல்கள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. விண்டோஸ் மட்டும் கெட்டிருக்கலாம். டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். இரண்டாவது என்றால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிஸ்க் இன்னும் கொஞ்சம் கெடும். அதன் மேல் புதிதாக எதை எழுதினாலும் பழைய பைல் இருந்த இடம் போய்விடும். எனவே முதலில் பைல்களை வெளியே எடுக்க வேண்டும், ரிப்பேர் பிறகு. ரிப்பேர் திரையில் 'ரீசெட் திஸ் பிசி' என்று வந்தால் அவசரப்பட்டு கிளிக் செய்திட வேண்டாம்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சீராக ஓசை வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். தகவல்களைப் படிக்கும் ஹெட் கெட்டிருக்க வாய்ப்புண்டு. வீட்டில் எந்த சாப்ட்வேரும் உதவாது. டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும், செலவு பல ஆயிரங்கள் ஆகும். டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், உள்ளே ஈரம் படிந்து மிச்சமும் போகும்.

சனிக்கிழமை காலை ஊர் போய்ச் சேர்ந்தேன். கையில் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், லினக்ஸ் மின்ட் பதிந்த ஒரு பென் டிரைவ். இதை நீங்களும் செய்யலாம். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் பைலை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்னும் இலவச சாப்ட்வேர் மூலம் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். கெட்டுப்போன கம்ப்யூட்டரில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்தவும். சிலவற்றில் எஃப் 12, சிலவற்றில் எஃப் 9 அல்லது எஸ்கேப். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே இயங்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்ற ஐகான் இருக்கும், அதை மட்டும் கிளிக் செய்யாதீர்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சி, டி பிரிவுகள் போல்டர்களாகத் தெரியும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிற்குக் காப்பி செய்துகொள்ள வேண்டியதுதான்.

புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் பூட்டுடன் வருகிறது. 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் லினக்ஸிலும் திறக்க முடியாது. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் லாகின் செய்பவர்களுக்குப் பொதுவாக அந்த அக்கவுண்டிலேயே கீ சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்பாவின் கம்ப்யூட்டர் பழையது, பூட்டு இல்லை. பாட்டுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. முதலில் ஆச்சி போல்டரை எடுத்தேன். எது திரும்பக் கிடைக்காதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பைல்கள் வந்துவிட்டன. மூன்றாவது பாதியில் நின்றது. டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று திணறும் ஓசை கேட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

இந்த நிலைக்கென்றே டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச சாப்ட்வேர் உண்டு. சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட பகுதிகளில் முயலும். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் நல்ல டிஸ்க் அழிந்துவிடும். ஆகவே புதியவர்கள் பழகிய ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்திடவும். 500 ஜிபி டிஸ்க் முழுவதையும் அது காப்பி செய்ய ஒரு இரவு முழுக்க ஆயிற்று. அப்பா தூங்கவில்லை. இரண்டு முறை எழுந்து வந்து, "எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் நான்கு பைல்களும் இருந்தன. ஆனால் மூன்றாவது பைலில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் இல்லை. மீதி பாடியதற்குக் காரணம் எம்.பி.3யின் அமைப்பு. அது ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு நீளமுள்ள சிறு சட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் சில போனாலும் பிளேயர் அடுத்த நல்ல சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாடும். ஆச்சி ஒரு தாலாட்டைத் தொடங்கி, இரண்டாவது அடியிலேயே வேறொரு பாட்டின் நடுவுக்குத் தாவினார்கள்.

தவறி ஃபார்மட் செய்தவர்களுக்கு போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. மீட்ட பைல்களை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எல்லாம் பெயர் போய் வெறும் எண்களோடு வரும். பயப்பட வேண்டாம், பாட்டின் பெயர், படத்தின் பெயர் போன்றவை பெரும்பாலும் எம்.பி.3 பைலுக்குள்ளேயே டேக் ஆகப் பதிந்திருக்கும். எம்.பி.3 டேக் என்னும் சாப்ட்வேர் அதைப் படித்து பைல்களுக்கு மறுபடி பெயரிட்டுவிடும். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் மட்டும் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது.

இனி பேக்கப்

சாதாரண தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 1 மெகாபைட். 2,000 பாட்டுகள் என்றாலும் 10 ஜிபி அளவுதான், ஒரு 16 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். ஆச்சியின் இரண்டு மணி நேரம் வெறும் 115 மெகாபைட். இதைப் பாதுகாக்காமல் விட்டதற்கு இடமில்லை, காசில்லை என்று சாக்குச் சொல்லவே முடியாது.

வீட்டில் இப்போது உள்ள ஏற்பாடு இது. எல்லாப் பாட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவார் அப்பா. மாட்டியே வைத்திருந்தால் வைரஸும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் இரண்டையும் சேர்த்துக் காவு வாங்கும். ஆச்சி போல்டர் மட்டும் கூடுதலாக கூகுள் டிரைவில். இலவச 15 ஜிபி அதற்கு தாராளம்.

ஆனால் இன்டர்நெட்டில் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். மைஸ்பேஸ் தளம் 2019ல் ஒரு அறிவிப்பு செய்தது. சர்வர் மாற்றும்போது, 2015 வரையிலான சுமார் 12 ஆண்டுகளில் மக்கள் ஏற்றிய இசைப் பைல்கள் போய்விட்டன என்று. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள். அவற்றில் சுமார் 4,90,000 மட்டும், ஓர் ஆய்வுக் குழு முன்பே காப்பி எடுத்து வைத்திருந்ததால் பின்னர் கிடைத்தன. கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகும் போல்டர் என்றால் இன்னொரு ஆபத்து. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் ட்ராஷில் 30 நாட்கள்தான் இருக்கும்.

எடுத்த காப்பியைத் திறந்து பாருங்கள். 1998ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது சரியாக எடுக்கப்படவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் கைகொடுத்தது. அப்பா இப்போது ஒவ்வொரு காப்பிக்குப் பிறகும் நான்கைந்து பாட்டுகளை நடுவிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கிறார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தால் டிஸ்க் நலம். மஞ்சளுக்கு மாறினால் எனக்கு போன் செய்வார்.

போன அந்த நான்கு நிமிடத்திற்கு வருகிறேன். பொங்கலுக்குத் தூத்துக்குடி அத்தை வந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னதும், "அண்ணன் எனக்கு ஒரு பாட்டு ஏத்திக் குடுத்தாகளே" என்றார்கள். பழைய பட்டன் போனில் போட்ட 2 ஜிபி மெமரி கார்டு. போன் எப்போதோ செத்துவிட்டது. கார்டு தையல் மிஷின் டிராயரில் பொத்தான்களோடு கிடந்தது. ஊருக்குப் போய் கூரியரில் அனுப்பினார்கள். கார்டு ரீடரில் போட்டதும் திறந்தது. பக்திப் பாட்டுகளுக்கு நடுவே ஆச்சியின் மூன்றாவது பைல் முழுதாக இருந்தது. இப்போது நான்கு பைல்களையும் ஒரு புது பென் டிரைவில் போட்டு அத்தைக்கு அனுப்பியிருக்கிறேன். அதே டிராயரில்தான் வைத்திருக்கிறார்களாம்.