தோல் ஜில்லாவின் குழந்தைகளும் சங்கீதப் பயிற்சியும்

ஏழைக் குழந்தைகளுக்குச் சங்கீதம் எதற்கு என்று வினவுவோர் நம் நாட்டில் இன்றும் பலர் உளர். கணக்கும் வாசிப்பும் வந்தால் போதும். பாட்டும் தாளமும் வசதியுள்ளவர் வீட்டு அலங்காரம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். பொதுநலத் தொண்டர்களிலும் இக்கருத்துடையோர் இருக்கின்றனர். இது தவறான கருத்து என்பதும், பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் இசை பயில்வதற்கு இன்று ஏற்பட்டுள்ள சாதனங்கள் ஏழைகளுக்கே முதலில் பயன்படவேண்டும் என்பதும் நமது கட்சி.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை நேயர்கள் அறிவார்கள். ஒரே வேலூர் ஜில்லாவாக இருந்த இப்பிரதேசம் 2019-ல் மூன்று ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டது. பாலாற்றங்கரையில் பதனிட்ட தோலும் தைத்த பாதரக்ஷைகளும் கடல் கடந்து செல்கின்றன. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்ட கதை, 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டார் வழங்கிய பிரசித்தமான தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30-ல் அதே நதியைக் குறித்து அந்த நீதிமன்றமே மறுபடியும் கட்டளை பிறப்பிக்க நேர்ந்தது. தண்ணீருக்காகவும் கூலிக்காகவும் இங்கே நடந்துவரும் போராட்டங்கள் நியாயமானவை; அவற்றை நாம் என்றும் ஆதரித்தே வந்திருக்கிறோம். ஆனால் காலையில் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய்மாரின் குழந்தைகள், பள்ளி விட்டபின் வீட்டில் என்ன செய்கின்றனர் என்பதை எந்த மேடையிலும் எவரும் கேட்பதில்லை.

கொரோனாக் கொள்ளைநோயின்போது, 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் திறந்தன. ஏறக்குறைய பத்தொன்பது மாதம் வீடே பள்ளியாயிற்று. அக்காலத்தில் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ள வசதி படைத்த நம்மவர் குழந்தைகள், கணிப்பொறி முன் அமர்ந்து வித்வான்களிடம் வர்ணமும் கீர்த்தனமும் பயின்றார்கள். தொழிலாளர் வீட்டில் கைப்பேசி ஒன்று இருந்தால் அதிகம். அதுவும் தகப்பனாருடனோ தாயாருடனோ வேலைக்குப் போய்விடும். இந்தியக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளின் இல்லங்களில் கைப்பேசித் திரை உடையவை 2018-ல் நூற்றுக்கு 36.5 ஆக இருந்து, 2021-ல் 67.6 ஆக உயர்ந்தன என்று 'அசர்' ஆய்வு கூறுகிறது. ஆயினும் அக்கருவி உள்ள வீடுகளிலும் நூற்றுக்கு 26 பிள்ளைகளுக்கு அதைத் தொடும் பாக்கியம் கிட்டவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. வீட்டில் கருவி இருப்பது ஒன்று, அது குழந்தையின் கைக்கு எட்டுவது வேறொன்று.

இணையவழிப் போதனையின் குணதோஷங்களை அறியாமல் அதைப் புகழ்வதும் இகழ்வதும் பிரயோஜனமில்லை. இருவர் சேர்ந்து பாடும்போது ஒருவர் ஒலி மற்றவர் செவிக்கு எட்ட, ஒரு விநாடியை ஆயிரமாக வகுத்ததில் சுமார் முப்பது பங்குக்கு மேல் தாமதமானால் லயம் தள்ளாடத் தொடங்கும். இணையத்தில் வரும் தாமதமோ பெரும்பாலும் அதனினும் அதிகம். ஆகையால் முப்பது பிள்ளைகளைத் திரையில் கூட்டி ஒரே சமயத்தில் பாடச் சொல்வது கூச்சலில்தான் முடியும். மேலும், இச்சபைச் செயலிகள் பேச்சுக்கென்றே இயற்றப்பட்டவை; நீண்டொலிக்கும் சுருதியை வீண் இரைச்சல் எனக் கருதி அவை அறுத்துவிடுவதும் உண்டு. எனவே நம் ஊர்களுக்கு ஏற்றது நேரடி வகுப்பன்று. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கொண்ட ஒலிப்பதிவுப் பாடங்களே ஏற்றவை. தாயார் இரவில் வீடு திரும்பியதும் ஒரு தடவை கேட்கலாம். மறுநாள் முழுதும் கைப்பேசியின்றியே பயிலலாம். குழந்தைகள் திரைக்கு அடிமையாவார்கள் என்று அஞ்சுவோருக்கும் இதுவே விடை. கேட்டபின் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடவேண்டும்.

அப்படிப் பயில வீணையும் வயலினும் வேண்டுமா? வேண்டியதில்லை. கை இரண்டும் குரல் ஒன்றும் போதும். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. தகிட தகதிமி ஏழு. தகதிமி தகதகிட ஒன்பது. இவ்வைந்து ஜாதிகளையும் கைதட்டிச் சொல்லும் ஆறு வயதுக் குழந்தை, தாளத்தோடு எண்ணையும் கற்கிறது. ஒரே அளவுள்ள கிண்ணங்களில் வெவ்வேறு அளவாக நீர் ஊற்றிக் குச்சியால் தட்டினால், நீர் மிகுந்த கிண்ணம் தாழ்ந்த ஸ்வரத்தையும் குறைந்த கிண்ணம் உயர்ந்த ஸ்வரத்தையும் தரும். ஜலதரங்கத்தின் ரகசியமும் பௌதிக சாஸ்திரத்தின் முதற்பாடமும் அடுக்களையிலேயே கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலியை ஒலிக்கவிட்டு, குழந்தைக்கு இயல்பான கட்டையில் ஸட்ஜத்தைப் பிடிக்கப் பழக்கலாம். பெரியவர் கட்டைக்குக் குழந்தையை இழுப்பது குரலைக் கெடுக்கும். பாட்டியாரின் தாலாட்டையும், கும்மியையும், ஊஞ்சற் பாட்டையும் பேரப்பிள்ளை ஒலிப்பதிவு செய்து உபாத்தியாயருக்கு அனுப்பலாம். அத்தாலாட்டு தமிழாயினும் தெலுங்காயினும் நம் ஊர் முஸ்லிம் இல்லங்களின் தக்கணி உருதுவாயினும் ஒன்றுதான். வாத்தியம் வேண்டாமென்று கருதும் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களை வற்புறுத்துவது அறமன்று. குரலோடும் கைத்தாளத்தோடும் அமையும் பாடத்தில் அவர்கள் குழந்தையும் தடையின்றிச் சேரும்.

தோல் விளையும் இந்நாட்டில் மற்றொரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் சங்கீதத்தின் லயம் முழுதும் தோலின்மேல் நிற்கிறது. மிருதங்கத்துக்கு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். பறைக்குத் தோலும், அதைச் சூடேற்றி முறுக்க நெருப்பும் வேண்டும். ஆனால் தோலைத் தொட்டவனைச் சபை எட்டவே நிறுத்தியது. மிருதங்கம் செய்வோரின் வாழ்வைக் குறித்து டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது, மகிழ்ச்சியே. எனினும் பறையைச் சாவுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கும் மனோபாவம் விருதினால் மட்டும் மாறிவிடாது. பிஞ்சுப் பருவத்தில் எல்லா ஜாதிக் குழந்தைகளும் அதன் அடிகளைக் கைதட்டிக் கற்றால் மாறும். தமிழர் தமிழ்ப் பாட்டுக் கேட்கவேண்டுமென்று பாரதியார் வாதாடினார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அவ்வியக்கம் சபையின் மேடையை வென்றது. குடிசையின் திண்ணையை வெல்லும் வேலை இன்னும் எஞ்சி நிற்கிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு ஜாகிர் உசேன் கமிட்டியார் தயாரித்த பாடமுறையில், நூற்பும் கணிதமும் தாய்மொழியும் இருந்தன, சங்கீதமும் இருந்தது. பராதீன நாட்டின் ஏழைக் குழந்தைக்கு அவசியமென்று அப்பெரியோர் கருதியது, சுதந்திர நாட்டின் குழந்தைக்கு எப்படி அநாவசியமாகும்? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையின் சர்வதோமுகமான வளர்ச்சியைக் குறிக்கோளாகப் பேசுகிறது. ஆனால் அதன் அட்டவணையைப் புரட்டினால், கலைக்கெனப் பகுதிநேரப் போதகர் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கே, விதிக்கப்பட்டிருக்கிறார். செவியும் குரலும் மிகவும் இளகியிருக்கும் முதல் ஐந்து வகுப்புகளுக்கு அப்படி ஒருவருமில்லை. நம் மாகாணத்தில் 2012-ல் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்ட சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்கள், நிரந்தரம் கோரிப் பல ஆண்டுகள் வீதியில் நிற்க நேர்ந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செய்யத்தக்கவை அரியவை அல்ல. 2019 ஆகஸ்டு 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென வாரந்தோறும் இசைப்பாடம் ஒலிபரப்பி, அதையே சிறு துண்டுகளாகக் கைப்பேசிக்கும் அனுப்புவது சர்க்காரின் கடமை. தமிழிலும் உருதுவிலும் அவை அமையவேண்டும். பம்பைக்காரரையும் தெருக்கூத்துக் கலைஞரையும் பறைக் கலைஞரையும் தக்க ஊதியம் கொடுத்துப் பாடம் பதிவு செய்விக்கவேண்டும். பாதரக்ஷை ஏற்றுமதியால் செல்வமடைந்த முதலாளிமார், தம் தொழிலாளர் குடியிருப்புகளில் மாலை வேளைக்கென ஒரு திரையும் ஒலிபெருக்கியும் அமைத்துக் கொடுப்பது தர்மம் அன்று, கடன்.

தொண்டர்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இயக்கத்தில் லக்ஷக்கணக்கான தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டாலும் கதையாலும் பாடம் புகட்டியதை நாடறியும். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? தெருவுக்கு ஒருவர், வாரத்தில் இரண்டு மாலை, தம் கைப்பேசியைத் திண்ணையில் வைத்தால் பத்துக் குழந்தைகள் கேட்பார்கள். வெனிசுலாவில் 1975-ல் ஆப்ரேயு என்பவர் சில இளைஞரோடு தொடங்கிய இசைப்பள்ளி, ஏழைச் சிறுவர் லக்ஷக்கணக்கானோருக்கு வாத்தியம் கற்பித்து உலகப் பிரசித்தி பெற்றது. அவர்களுக்கு வயலின் வாங்கவேண்டியிருந்தது. நமக்கு அச்செலவும் இல்லை.

சோறு முதலில், பாட்டுப் பிறகு என்பார் சிலர். சோற்றுக்காகப் போராடுவோம்; அதற்கு இது தடையன்று. தோலில் கை கறுக்க உழைக்கும் தாயின் குழந்தைக்கு, அத்தோலினின்று பிறக்கும் நாதமும் உரியது. அவ்வுரிமையை அக்குழந்தையின் கையில் சேர்க்கும் வேலையை இந்த வாரமே அவரவர் தெருவில் தொடங்குமாறு தேசபக்தர்களை வேண்டிக்கொள்கிறோம்.