பார்படாஸ் கடற்கரைக்கா? முதலில் கரையைத் தேர்ந்தெடுங்கள்!

2024 ஜூன் 29-ம் தேதி பார்படாஸ் தீவில் நம் கிரிக்கெட் அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்ததே, நினைவிருக்கிறதா? ஜெயித்தவர்களால் உடனே வீடு திரும்ப முடியவில்லை. 'பெரில்' என்ற புயல் வந்து விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். தனி விமானம் போய் அழைத்து வரும்வரை பாவம், ஹோட்டலில் அடைந்து கிடந்தார்கள். அதைக் கேட்டு 'அடப் பாவமே' என்று சொன்னதோடு நான் மறந்துவிட்டேன். பத்து மாதம் கழித்து அதே தீவுக்கு, இரண்டு பொடிசுகளை இழுத்துக்கொண்டு நானே போவேன் என்று யார் கண்டார்கள்!

என் பெண் டொராண்டோவில் இருக்கிறாள். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு ஒன்றரை. நமக்கு ஊட்டி, கொடைக்கானல் மாதிரி அங்குள்ளவர்களுக்குக் கரிபியன் தீவுகள். நாம் வெயிலுக்குப் பயந்து ஓடுகிறோம்; அவர்கள் வெயிலைத் தேடி ஓடுகிறார்கள். நேர் விமானத்தில் ஏறினால் ஐந்து மணி நேரப் பிரயாணம்தான்.

"செப்டம்பரில் போனால் ரூம் வாடகை ரொம்பக் கம்மி, அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஏன் கம்மி என்று விசாரித்தால் விஷயம் வெளியே வருகிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் உச்சம். பார்படாஸ் மற்றத் தீவுகளின் வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளி இருப்பதால் அதற்கு அடி கொஞ்சம் குறைவுதான். ஆனால் 'பெரில்' நேராகத் தாக்காமல் தெற்கே போனபோதே ஏராளமான மீன்பிடிப் படகுகள் நொறுங்கின. கைக்குழந்தையோடு அந்த வம்பு எதற்கு? டிசம்பர் முதல் ஏப்ரல் நடுவரை நல்ல காலம், அதனால் விலையும் ஆகாசத்தில். ஏப்ரல் கடைசிக்குப் பிறகு வாடகை இறங்குகிறது. புயல் காலமும் ஆரம்பிக்கவில்லை. ஆக, மே முதல் வாரம் என்று முடிவாயிற்று.

அப்புறம்தான் பெரிய கண்டம். மாப்பிள்ளை ஒரு ரூம் படத்தைக் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் கடல், ஆளுயர அலை, நடுவில் கறுப்புப் பாறைகள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. இடம், பாத்ஷீபா என்ற கிழக்குக் கரைக் கிராமம். "குழந்தையை எங்கே இறக்குவீர்கள், மாப்பிள்ளை?" என்றேன். அப்போதுதான் வரைபடத்தைப் பிரித்தோம்.

தீவு சின்னது. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. ஆனால் அதற்கு இரண்டு முகம். கிழக்கே அட்லாண்டிக் சமுத்திரம். ஆப்பிரிக்கா வரைக்கும் நடுவே ஒரு தடுப்புக் கிடையாது. காற்றும் வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. அந்த அலையில் பலகை விளையாட்டுக்காரர்கள் சறுக்குகிறார்கள். குளிப்பதற்கு அது இடமே இல்லை. அடியில் இழுக்கும் நீரோட்டம். மேற்குக் கரையோ தீவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குளம் மாதிரி சாந்தமாக இருக்கிறது. தெற்குக் கரை இரண்டுக்கும் நடுவாந்தரம். செயின்ட் லூசியா, டொபேகோ போன்ற தீவுகளிலும் கிழக்குக் கரைதான் முரட்டுக் கரை. ஆகவே ரூம் படத்தைப் பார்த்து மயங்காமல், அது எந்தத் திசை என்று கேளுங்கள். நாங்கள் மேற்கே பேன்ஸ் பே பக்கம் சமையலறை உள்ள சின்ன வீடாக எடுத்தோம். கடற்கரை எல்லாமே அங்கே பொதுச் சொத்து. பெரிய ஹோட்டல் வாசலிலும் நாம் தாராளமாகக் குளிக்கலாம்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. 2011 முதல் 'சர்காசம்' என்ற பழுப்புக் கடற்பாசி அந்தப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கரை ஒதுங்குகிறது, முக்கியமாக மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு அந்தக் காற்று ஆகவே ஆகாது. அதுவும் கிழக்கிலும் தெற்கிலும்தான் அதிகம் சேர்கிறது. மேற்கே எங்களுக்கு ஏதோ நாலு கொத்துதான் தட்டுப்பட்டது.

சாந்தமான கடல் என்று அசந்துவிடக் கூடாது. காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரையில் அது கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். காற்றடைத்த ரப்பர் வாத்திலும் வளையத்திலும் குழந்தையை உட்காரவைத்தால் நாலு நிமிஷத்தில் ஆழத்துக்குப் போய்விடும். பேத்தி ஆசையாக வாங்கின வாத்தை முதல் நாளே காற்றைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். ஒரே அழுகை! அழட்டும். தண்ணீரில் குழந்தை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடாது.

வெயில் விஷயத்தில் நாங்களே ஏமாந்தோம். தலைநகர் பிரிட்ஜ்டவுனும் நம் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 13 டிகிரி. ஆனால் ஓயாத காற்றினால் சூடு தெரிவதில்லை. "நம்ம நிறத்துக்கு வெயில் என்ன பண்ணும்?" என்ற என் பெண்ணுக்கு இரண்டாம் நாள் தோள் உரிந்தது. பிறகு காலை ஒன்பதுக்குள் ஒரு குளியல், மூன்றரைக்கு மேல் ஒரு குளியல் என்று வைத்துக்கொண்டோம். முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு மணிக்கொரு தடவை சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் களிம்பைவிட நிழல்தான் சரி. நனைந்த நாப்கினை உடனே மாற்றி, நல்ல தண்ணீரில் அலம்பிவிடுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் தொடை இடுக்கு ரணமாகிவிடும்.

அதைவிட முக்கியம், நிழலுக்கு எந்த மரம் என்பது. கரையோரம் 'மான்சினீல்' என்றொரு மரம் நிற்கிறது. குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைப் பழம், வாசனையாக வேறு இருக்கும். தின்றால் தொண்டை வெந்துவிடும். பால் பட்டால் கொப்புளம். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே போதும். பிச்சாவரத்தில் நிற்கும் நம் தில்லை மரத்துக்கு உறவு முறை என்றால் புரிந்துகொள்வீர்கள். அதன் பாலும் கண்ணைக் கெடுக்கும். பல மரங்களில் சிவப்பு வர்ணப் பட்டை அடித்திருக்கிறார்கள். பட்டை இல்லாவிட்டாலும் தரையில் கிடக்கும் பழத்தைத் தொடக் கூடாது என்று பேத்திக்குப் பாடமாகச் சொல்லி வைத்தோம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சர்க்கரைவள்ளி, சீமைப்பலா, துவரை போட்ட சாதம். 'கூ-கூ' என்று ஒன்று, மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிளறின களிதான்! அதற்குத் தொட்டுக்கொள்ளப் பறவைக்கோலா மீன். நமக்குக் குழம்பு இருந்தால் போதும். குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வருவது, குடிக்கலாம். ஆனால் கடைச் சாமான் பெரும்பாலும் இறக்குமதி, யானை விலை. நாப்கின், பால் மாவு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லாம் கையோடு கொண்டு போங்கள். பகலில் கடிக்கும் டெங்கு கொசு அங்கேயும் உண்டு. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

பெட்டி கட்டும்போது இன்னொன்று. ராணுவ உடுப்பு மாதிரி பச்சைப் புள்ளித் துணி அங்கே சட்டப்படி கூடாது, குழந்தைகளுக்கும்தான். பேரனின் நிஜார் ஒன்றைக் கடைசி நிமிஷத்தில் எடுத்து வெளியே போட்டோம்.

இங்கிருந்து போகிறவர்கள், பார்படாஸின் விசா விதியோடு, விமானம் மாறும் நாட்டின் டிரான்ஸிட் விசாவையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியே டிரினிடாடையோ கயானாவையோ பார்த்துவிட்டு நேரே ஊர் திரும்பினால், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் பஸ் பிடித்துப் பாத்ஷீபாவையும் பார்த்து வந்தோம். பாறைக்கு நடுவே தேங்கின குட்டையில் உள்ளூர்ப் பெண்கள் உட்கார்ந்து குளித்தார்கள். பக்கத்திலேயே நான் முழங்கால் ஆழம் இறங்கினேன். காலடி மணல் அப்படியே பிய்த்துக்கொண்டு போயிற்று. கரையேறித் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை பேரனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எடுக்க இருந்த அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.