கரையில் ஒன்று, ஜலத்தில் ஒன்று

வைகைப் பேரணையிலிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயின் தலைமடைப் பிரதேசமாகையால், வாடிப்பட்டி வட்டாரத்து வயல்களிலும் கண்மாய்களிலும் வருஷத்தில் பல மாதங்கள் ஈரம் வற்றுவதில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஜலத்தை 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை கிழக்கே திருப்பியபோது உழவர் அடைந்த சௌபாக்கியத்தில், கானாங்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் ஒரு சிறு பங்கு கிட்டியிருக்குமென்றே நினைக்கிறேன்.

இரண்டும் ராலிடே என்னும் ஒரே குடும்பத்துப் பட்சிகள். ஏறத்தாழ ஓரடி நீளம். குட்டை வாலை ஓயாமல் வெடுக்வெடுக்கென்று தூக்கும் சுபாவமும் இரண்டுக்கும் பொது. அப்படித் தூக்கும்போது அடிவால் செம்பழுப்பாகத் தெரிந்தால் கானாங்கோழி, வெள்ளையாகத் தெரிந்தால் தாழைக்கோழி. முன்னிருந்து பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது: முகமும் மார்பும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருப்பது முன்னது, நெற்றியில் சிவந்த கவசமும், நுனி மஞ்சளித்த சிவந்த அலகும், விலாவில் வெள்ளைக் கோடும் உடையது பின்னது.

ஆயினும் நிறத்தைக் காட்டிலும் எனக்கு ஆச்சரியமளிப்பது கால்தான். வாத்துக்கு விரலிடைச் சவ்வு உண்டு; இவற்றின் பந்துவான நாமக்கோழிக்கு விரல்தோறும் மடல் உண்டு; தாழைக்கோழிக்கோ இரண்டுமில்லை. கானாங்கோழிக்கு உள்ளது போன்ற நீண்ட வெறும் விரல்களை வைத்துக்கொண்டே அது, தலையை முன்னும் பின்னும் ஆட்டியவாறு நடுக்கண்மாய்வரை நீந்திச் செல்கிறது. அபாயம் நேர்ந்தால் முழுகி, அலகை மட்டும் வெளியே நீட்டி ஒளிந்திருக்கவும் வல்லது. கானாங்கோழியோ, நீந்தத் தெரிந்தும் அவசியமின்றி ஜலத்தில் இறங்காமல், கரைப் புதரிலும் வரப்பிலும், சில சமயம் வீட்டுக் கொல்லையிலும் உலாவி இரை பொறுக்குகிறது. இதற்குக் காரணத்தைக் காலில் தேடிப் பயனில்லை, குணத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. அறுத்துப் பார்க்கும் சாஸ்திரிகள் ஒப்பமாட்டார்கள். ஆனால் 1758-இல் லின்னேயஸ் தாழைக்கோழியை நாமக்கோழியின் பேரினத்திலேயே சேர்த்ததையும், 1769-இல் பென்னன்ட் இலங்கைக் கானாங்கோழியை வேறொரு பேரினத்தில் வைத்ததையும் பார்த்தால், அவர்களுக்கும் ஏதோ புலப்பட்டிருக்கிறது.

தாழைக்கோழி நீர் சூழ்ந்த கோரையில் கூடு கட்டும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் வளர்ந்து, அடுத்த ஈட்டுக்கு இரையூட்ட உதவுவதும் உண்டு. கானாங்கோழி புதரிலோ மூங்கிலிலோ கூடு அமைக்கும். கோடையில் பரம சாதுவாக இருக்கும் இப்பட்சி, மழைக்காலம் வந்து இனம் பெருக்கத் தொடங்கியதும், உறுமலும் கொக்கரிப்புமாக இரவெல்லாம் கத்தி, கண்மாயோரத்து வீட்டாரின் நித்திரையைக் கெடுத்துவிடுகிறது. தாழைக்கோழிக்கு அத்தனை பிடிவாதமில்லை. கோரைக்குள்ளிருந்து சட்டென்று ஒரு ‘குர்ரக்’, அவ்வளவே.